பஸ்வருமா டாட் காமின் உரிமையாளர்

சாந்தா எழுதிய எதையும் யாரும் முழுசாகப் படித்ததில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, தொழில் அப்படி. முப்பத்தோரு வருஷமாகச் சாமான்களுக்குக் கையேடு எழுதுகிறவள். மிக்சி, வாஷிங் மெஷின், சர்க்கரை அளவு பார்க்கும் கருவி, ஒருமுறை ஆஸ்பத்திரிக் கட்டில். கட்டில்தானே என்று நினைக்க வேண்டாம். அந்தக் கட்டிலுக்கு நூற்றெட்டுப் பக்கம். படுத்தவன் எழுந்து உட்காரவே பதினோரு படி. வாங்குகிறவர்களோ பெட்டியைப் பிரித்ததும் கையேட்டை நாலாக மடித்து, ஆடுகிற அலமாரியின் காலுக்கு அடியில் செருகிவிடுவார்கள். ஹைதராபாத்தில் பாதி அலமாரிகள் ஆடாமல் நிற்பது சாந்தாவின் எழுத்து வன்மையால்தான்.

ஒருமுறை சோதித்தும் பார்த்தாள். ஒன்பது வருஷம் முன்னால், ஒரு வாஷிங் மெஷின் கையேட்டின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில், வடிகட்டியைக் கழற்றிக் கழுவும் முறைக்கு நடுவே, 'ஆறாவது படி: இதைப் படிப்பவர் ஒரு போஸ்ட்கார்டு போடவும்' என்று நுழைத்துவிட்டாள். சரிபார்த்தவர்கள் மூன்று பேர், கையெழுத்துப் போட்டவர் ஒருவர், அச்சுக்கோத்தவர் ஒருவர். ஒரு கண்ணிலும் படவில்லை. இரண்டு லட்சம் பிரதி போயிற்று. அவள் கைக்கு ஒரு கார்டும் வரவில்லை.

வேலை மாதாப்பூரில், பதினாலாவது மாடியில். வீடு ஏ.எஸ்.ராவ் நகரில், இரண்டாவது மாடியில். நடுவில் ஒரு பஸ், ஒரு மெட்ரோ, கொஞ்சம் நடை. போக ஒன்றே முக்கால் மணி, வர இரண்டு மணி. ஆபீசில் வயதைக் கூட்டி வகுத்தால் இருபத்தெட்டு வரும். சாந்தாவைச் சேர்த்தால் இருபத்தொன்பது. அங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது வழக்கம். அதனால் மகள் வயதுப் பெண்ணும் 'சாந்தா' என்பாள். அக்கா, அத்தை, சித்தி எதுவும் ஒட்டாத மொட்டைப் பெயர். அதைக் காலையில் சுமந்து வந்து, சாயங்காலம் அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போவாள். வீட்டில் அதைக் கூப்பிடவும் ஆள் கிடையாது.

வீட்டில் இருந்தது ஒரு லேண்ட்லைன் போன். பதினாறு வீட்டுக் கட்டடத்தில் மற்றவர்கள் எல்லாரும் எப்போதோ எடுத்துவிட்டார்கள். லைன்மேன் வருஷத்துக்கு ஒரு தடவை ஏணியோடு வந்து, ஒற்றைக் கம்பியைப் பார்த்துவிட்டு, "கைக்கு மேடம்?" என்பார், ஹைதராபாத் உருதுவில் 'எதற்கு' என்று. "இருக்கட்டும் பாய்," என்று டீ கொடுத்து அனுப்புவாள். அந்த போன் மணி அடித்து எத்தனையோ காலம் ஆயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்வாள்.

மே மாதத்தில் ஒரு நாள், குழுத் தலைவி வர்ஷினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். முப்பத்திரண்டு வயதில் பதினெட்டுப் பேரைக் கட்டி மேய்க்கிறவள்.

"சாந்தா, இந்தத் தடவை நீங்க எழுதறதைப் படிக்கப் போறது மனுசங்க இல்லீங்க."

"இத்தனை நாள் மட்டும் மனுஷங்க படிச்சாங்களா என்ன?"

"அய்யோ, நெசமாத்தானுங்க. ஏ.ஐ. ஏஜென்ட்டுங்க படிக்கறதுக்கு. நம்ம இர்பான் கட்டியிருக்கான்ல, டொமைன் பதிவு பார்க்கற டூல், அதுக்கு."

"முழுசாப் படிக்குமா?"

"ஒரு வரி விடாதுங்க. படிச்சதை அப்படியே செய்யும். அதுதான் பயமே."

சாந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். ஐம்பத்தேழு வயதில் முதல்முறையாக ஒரு வாசகர்.

வேலை ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. இணையதளம் ஒவ்வொன்றின் பெயருக்கும் எங்கோ ஒரு பதிவேட்டில் ஒரு பதிவு இருக்கிறது, மனைக்குப் பத்திரம் மாதிரி. யார் உரிமையாளர், எந்தக் கம்பெனி மூலம் பதிந்தார், என்றைக்குப் பதிந்தார், என்றைக்கு முடிகிறது, கடைசியாக என்றைக்கு மாறியது. பெயரைக் கொடுத்தால் அந்தப் பதிவை எடுத்துத் தருவது இர்பானின் கருவி. மனிதர்கள் இட்ட வேலையைத் தானே யோசித்துச் செய்து முடிக்கும் மென்பொருளுக்கு ஏஜென்ட் என்று பெயர். அந்த ஏஜென்ட் எப்போது இந்தக் கருவியைக் கூப்பிட வேண்டும், வருகிற பதிலில் எந்தக் கட்டத்துக்கு என்ன பொருள், எதைப் பார்த்து எந்த முடிவுக்கு வந்துவிடக்கூடாது என்று எழுதிக் கொடுப்பது சாந்தாவின் பாடு.

புது மாப்பிள்ளைக்கு முதல் கடிதம் எழுதுகிற மாதிரி எழுதினாள். ஒரு வரியை ஏழு தரம் திருப்பினாள். 'உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "மறைக்கப்பட்டது" என்று இருந்தால், உரிமையாளர் இல்லை என்று முடிவு செய்யாதே. அவர் இருக்கிறார். பெயரைக் காட்டவில்லை, அவ்வளவுதான்' என்று எழுதிவிட்டு, அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பெயர் வேண்டும். இதற்கென்றே யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்த பெயர்கள் உண்டு. நிஜத் தளத்தின் பெயரை எடுத்துக்காட்டில் போடக்கூடாது என்பது ஆபீசின் எழுத்து விதிகளில் முதல் பக்கம், முதல் விதி. அந்த விதிகளை எழுதியவளே சாந்தாதான். அப்படி இருந்தும், எடுத்துக்காட்டு என்று வந்த இடத்தில் அவள் விரல்கள் தட்டியது 'பஸ்வருமா டாட் காம்'.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவன் மோகன். அவளுடைய தம்பி, நாலு வயது இளையவன்.

மோகனிடம் எதைச் சொன்னாலும் சொன்னபடி செய்வான். கூடவும் செய்யமாட்டான், குறையவும் செய்யமாட்டான். இரண்டாம் வகுப்பில் வாத்தியார் "வாயைத் திறக்காதே" என்றார் என்று வீட்டுக்கு வந்து சாப்பிட மறுத்துவிட்டான். எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் என்ஜினீயராக இருந்த அப்பா அரை நாள் லீவு போட்டு, வாத்தியாரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து, "வாயைத் திறடா கண்ணா" என்று சொல்ல வைத்த பிறகுதான் தோசை உள்ளே போயிற்று. பெரியவனாகி மீட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். மீதி நேரமெல்லாம் பஸ் நிறுத்தத்தில் நோட்டும் பேனாவுமாக நின்றான். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு தாமதம் என்று எழுதுவான். நாளாக ஆக, டிரைவர்களே வண்டியை நிறுத்தி, "மோகன் பாய், நான் அடுத்த ட்ரிப் எப்போ?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அந்த நோட்டுகளை வைத்து அக்காவும் தம்பியுமாகத் தொடங்கியதுதான் பஸ்வருமா டாட் காம். நேரம் அவனுடையது, வாசகம் இவளுடையது.

அப்பா போய் ஐந்தாவது வருஷம், பிப்ரவரியில், அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. மோகன் ஆபீசுக்கு போன் செய்தான். சாந்தா படபடப்பில் இரண்டே வாக்கியம் சொன்னாள்: "ஆம்புலன்ஸுக்கு நான் சொல்லிடறேன். நான் வர்ற வரைக்கும் அம்மாவை விட்டு நகராதே." அவன் நகரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. கட்டடம் தெரியாமல் அந்தச் சந்திலும் இந்தச் சந்திலுமாக இருபது நிமிஷம் சைரனோடு சுற்றியது. சைரன் மோகன் காதில் விழுந்தது. ஜன்னல்கூட நாலு எட்டுத் தள்ளி இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

அந்த இருபது நிமிஷம் கிடைத்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா என்று டாக்டருக்கும் தெரியவில்லை. பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் சாந்தா கத்தினாள். "கீழே போய்க் கையைக் காட்டியிருக்கலாமேடா!"

"நகராதேன்னு சொன்னியே அக்கா."

"என் கண்ணு முன்னால நிக்காதே. நானா கூப்பிடற வரைக்கும் என்னைக் கூப்பிடாதே."

மறுநாள் காலை அவன் அவள் கண் முன்னால் இல்லை. நாசிக்கில் ஏதோ வேலை என்று கடைக்காரர் சொன்னார். கோபத்தில் ஒரு வருஷம் போயிற்று, வீறாப்பில் நாலு வருஷம். ஐந்தாவது வருஷம் ரிசீவரை எடுத்து அவன் எண்ணைச் சுழற்றியபோது, அப்படி ஓர் எண்ணே உபயோகத்தில் இல்லை என்று மூன்று மொழியில் ஒரு பெண் சொன்னாள்.

அன்றைக்குத்தான் பஸ்வருமாவின் பதிவை எடுத்துப் பார்த்தாள். தளத்தில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைப் பக்கம். பதிவில் பெயர் மறைக்கப்பட்டிருந்தது, ஊர் மறைக்கப்பட்டிருந்தது. முடியும் தேதி மட்டும் இருந்தது: ஜூன் 9. ஜூன் 9 அன்று மறுபடி பார்த்தாள். தேதி அடுத்த வருஷத்துக்குத் தாவியிருந்தது. ஆக, புதுப்பித்திருக்கிறான். ஆக, இருக்கிறான். அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஜூன் 9 அவளுக்குப் பண்டிகை. வாழ்த்துச் சொல்ல ஆளில்லாத பண்டிகை.

இந்த வருஷமும் ஜூன் 9 காலையில் தேதி தாவியது. சாந்தா வழக்கம்போல ஒரு டப்பா உஸ்மானியா பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். இர்பான் முதல் ஆளாக வந்து இரண்டு எடுத்தான். ஆம்பூர்ப் பையன், கருவியைக் கட்டிய கெட்டிக்காரன். ஆபீஸ் வழக்கத்தை மீறி அவன் மட்டும் 'மேடம்' என்பான்.

"இன்னா விசேஷம் மேடம்? வருஷா வருஷம் இதே தேதிக்கு பிஸ்கட் வருது."

"ஒருத்தர் நல்லா இருக்கார்னு தெரிஞ்சுது."

"போன் வந்துச்சா?"

"இல்ல. தேதி மாறிச்சு." திரையைக் காட்டினாள். "பாரு, இன்னிக்கு ரெனியூ பண்ணியிருக்காரு."

இர்பான் குனிந்து பார்த்தான். வாயில் பிஸ்கட்டோடு தலையை ஆட்டினான். "இத்த வெச்சு அப்டிச் சொல்ல முடியாது மேடம். முடியற நாள்ல பதிவேடே தானா ஒரு வருஷம் தள்ளிப் போட்டுடும். யாரும் பணம் கட்டாக்காட்டியும் தள்ளும். நாப்பத்தஞ்சு நாள் டைம். அதுக்குள்ள கட்டலன்னா பேரைத் தூக்கிடுவாங்க."

"ஆனா முன்னாடி வருஷமெல்லாம் தூக்கலையே. அப்போ கட்டியிருக்கார்தானே?"

"கார்டு கட்டியிருக்கும். ஒரு தபா கார்டு நம்பர் குடுத்து வெச்சா அதுபாட்டுக்கு வருஷா வருஷம் ஓடும். ஆளு இருக்கணும்னுகூட..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கையில் இருந்த இரண்டாவது பிஸ்கட்டை டப்பாவிலேயே திரும்ப வைத்துவிட்டான்.

ஏழு வருஷப் பண்டிகை பிஸ்கட் தூளாகப் போயிற்று. சாந்தா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஏதோ ஒரு வங்கியில் ஒரு கார்டு உயிரோடு இருக்கிறது. அதற்கா இத்தனை வருஷம் பிஸ்கட் வாங்கினோம் என்று இருந்தது. ஆனாலும் அவள் வேலைக்காரி. இர்பான் சொன்னது ஏஜென்ட்டுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தானே. கையேட்டைத் திறந்து, எடுத்துக்காட்டுக்குக் கீழே சேர்த்தாள்: 'முடியும் தேதி தள்ளிப் போயிருப்பதை மட்டும் வைத்து உரிமையாளர் புதுப்பித்தார் என்று சொல்லாதே. உறுதியாகும்வரை மறுபடி மறுபடி பார்.'

அம்மா போனதிலிருந்து சாந்தா ஒரு விரதம் வைத்திருந்தாள். எந்தக் கட்டளை எழுதினாலும் அதற்குக் கீழே 'இல்லாவிட்டால்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். விளக்கு எரிந்தால் இதைச் செய். இல்லாவிட்டால் அதைச் செய். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு 'இல்லாவிட்டால்' அவள் கையிலிருந்து தவறியதில்லை. அன்றைக்குத் தவறியது. உறுதியாகவே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவள் எழுதவில்லை. அவளுக்கே தெரிந்தால்தானே எழுதுவாள்.

அடுத்த வாரம் ஒத்திகை. முந்நூறு ஏஜென்ட்டுகளை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். வேண்டுமென்றே அரைகுறைக் கேள்விகளும் கொடுத்தார்கள். 'அந்தத் தளத்தை உரிமையாளர் புதுப்பித்தாரா?' என்று கேட்பது, எந்தத் தளம் என்று மட்டும் சொல்லாமல் விடுவது. மனிதனாக இருந்தால் "எந்தத் தளம் ஐயா?" என்று கேட்பான். இவை கையேட்டைப் படித்தன, ஒரு வரி விடாமல். அதில் இருந்த ஒரே பெயர் பஸ்வருமா டாட் காம். சரி, இதைத்தான் கேட்கிறார்கள் என்று அதைப் பார்த்தன. உறுதியாகவில்லை. மறுபடி பார்த்தன. உறுதியாகவில்லை. மறுபடி.

மறுநாள் காலையில் இர்பான் ஓட்டமும் நடையுமாக வந்தான். "மேடம், நாப்பத்தோராயிரம் தபா!"

"என்னது?"

"பஸ்வருமா டாட் காம். நேத்து ஒரு நாள்ல நாப்பத்தோராயிரம் தபா கேட்டிருக்குங்க. பதிவேட்டுக்காரன் கடுப்பாகி நம்ம லைனையே கட் பண்ணிட்டான். ஏஜென்ட்டுங்க இன்னும் நிறுத்தல. கதவை மூடிட்டாலும் தட்டிக்கினே இருக்குதுங்க."

அவமானத்தில் சாந்தாவுக்குக் காது சூடேறியது. அதோடு, யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றும் உள்ளே ஏறியது. இத்தனை வருஷமாக இந்த உலகத்தில் மோகன் இருக்கிறானா என்று கேட்டது அவள் ஒருத்திதான், வருஷத்துக்கு ஒரு தடவை. நேற்று ஒரு நாளில் நாற்பத்தோராயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள். அம்மா இருந்திருந்தால் சுற்றிப்போட்டிருப்பாள்.

வர்ஷினி கையேட்டைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "இது நெசமான டொமைனுங்களா, சாந்தா?"

"ஹவ்."

"நெசப் பேரைப் போடாதீங்கன்னு விதி எழுதினதே நீங்கதானுங்களே?"

"ஹவ்."

ஹைதராபாத்தின் 'ஆமாம்' இரண்டு தடவை விழுந்தும் வர்ஷினி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "சரி, திருத்திடலாமுங்க. ஆனா ஒண்ணு. நம்ம சோதனையால வெளி ஆளுக்குத் தொந்தரவு ஆனா, அவங்களுக்கு மன்னிப்பு எழுதணும். டாக்குமென்ட் யார் பேர்ல இருக்குதோ அவங்கதான் எழுதணும்."

"யாருக்கு எழுதறது? பேர் மறைச்சிருக்கே."

"பதிவுல தொடர்புப் படிவம் இருக்குமில்லீங்க? நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க." வர்ஷினி சுட்டிய இடத்தில் சாந்தாவின் வாசகமே இருந்தது: 'தொடர்புப் படிவம்: உரிமையாளர் யார், எங்கே என்று தெரியாமலே அவருக்குச் செய்தி சேர்ப்பதற்கான வழி.'

எழுதியது அவளேதான். அந்தப் படிவம் பதிவின் கடைசியில் வருஷா வருஷம் இருந்தது. முந்நூறு ஏஜென்ட்டுகளுக்கு அதை விளக்கத் தெரிந்தவள், அதை ஒரு நாளும் திறந்ததில்லை. கேட்காத வரைக்கும், இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாதே.

அன்று மத்தியானம் படிவத்தைத் திறந்தாள். கம்பெனியின் மன்னிப்பு வாசகம் ஆங்கிலத்தில் தயாராக இருந்தது. 'எங்கள் சோதனையின்போது தங்கள் பெயர் குறித்து அளவுக்கு மீறிய விசாரணைகள் எழுந்தமைக்கு வருந்துகிறோம்.' ஒட்டினாள். படிவம் ஆயிரம் எழுத்துக்கு மேல் வாங்காது. மீதி இருந்த இடம் கொஞ்சம். அதில் தமிழில் அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். கடைசியில் நின்றது இது:

'மோகா, சாந்தா எழுதுகிறேன். கூப்பிட எடுத்தேன். நம்பர் மாறிவிட்டது. நம்பர் இல்லாமல் எப்படிக் கூப்பிடுவேன்?'

அனுப்பினாள். திரை சொல்லிற்று: 'உங்கள் செய்தி சேர்ப்பிக்கப்பட்டது. பதில் வரும் என்று உறுதி கூற இயலாது.' யார் எழுதினார்களோ, நல்ல வாசகம் என்று நினைத்துக்கொண்டாள்.

கையேட்டைத் திருத்தினாள். ஒதுக்கிய பெயரை எடுத்துக்காட்டில் போட்டாள். 'எந்தத் தளம் என்று சொல்லப்படவில்லை என்றால், கேட்டவரிடமே கேள்.' அதற்குக் கீழே, 'மூன்று முறைக்கு மேல் பார்க்காதே. உறுதியாகாவிட்டால் நிறுத்திவிட்டு, தெரியவில்லை என்று சொல்.' முந்நூறு ஏஜென்ட்டுகளும் மூன்று முறை பார்த்து, தெரியவில்லை என்று சமத்தாகச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயின. எழுதியவள் மட்டும் நிறுத்தவில்லை. காலையில் பார்த்தாள், சாப்பிடும்போது பார்த்தாள், கிளம்பும்முன் பார்த்தாள். ஒரு பதிலும் இல்லை. பதிவிலும் ஒரு எழுத்து அசையவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் துடைத்துக்கொண்டிருந்த போனைத் தினமும் துடைத்தாள்.

ஜூன் போயிற்று. ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில், தூறல் அடிக்கும் என்று யாரும் உட்காராத ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்து நாள்களை எண்ணினாள். முப்பது. முப்பத்தாறு. நாற்பத்தொன்று. நாற்பத்தைந்தாம் நாள் ஜூலை 24. அன்றைக்குப் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விட்டால் கார்டும் இல்லை என்று பொருள். போகாவிட்டால் கார்டு இருக்கிறது என்று பொருள். எப்படியானாலும் மோகனைப் பற்றி ஒன்றும் பொருள் இல்லை. இதையும் அவளே எழுதியிருந்தாள், நாலாம் பக்கத்தில்.

ஜூலை 24 காலை. அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, இர்பான் அவள் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். பிஸ்கட் நாளிலிருந்து அவனும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"மேடம், உக்காருங்க மொதல்ல."

"தூக்கிட்டாங்களா?"

"இல்ல. கடைசியா மாறின தேதியைப் பாருங்க. ஜூன் 9 இல்ல, இன்னிக்குத் தேதி. இது தானா மாறாது மேடம். யாரோ கையால மாத்தியிருக்காங்க."

சாந்தா திரையைப் பார்த்தாள். 'மறைக்கப்பட்டது', 'மறைக்கப்பட்டது' என்று ஏழு வருஷமாக வரிசையாக நின்ற இடத்தில் எழுத்துகள் வந்திருந்தன. உரிமையாளர் பெயர்: மோகன். ஊர்: அல்வால், சிக்கந்தராபாத். அதற்குக் கீழே ஒரு தொலைபேசி எண்.

"அல்வாலா?" என்றாள் சாந்தா. எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.

அரை நாள் லீவு போட்டாள். கைப்பையில் செல்போன் இருந்தது; அதில் கூப்பிட்டிருந்தால் அரை நிமிஷம். ஆனால் அந்த செல் எண் மோகனுக்குத் தெரியாது. வீட்டு எண்தான் தெரியும். மெட்ரோவில் நின்றாள், பஸ்ஸில் உட்கார்ந்தாள், நிறுத்தத்தில் இறங்கித் தேங்கிய மழைத்தண்ணீரில் நடந்தாள். எண் எழுதிய காகிதம் கையிலேயே இருந்தது, வழியில் அது மனப்பாடமும் ஆகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்து, ஈரப் புடவையோடு ரிசீவரை எடுத்தாள்.

ஒரே மணியில் எடுத்துவிட்டான்.

"அக்கா."

பன்னிரண்டு வருஷமாக யாரும் சொல்லாத சொல். சாந்தா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

"நம்பர் வருதே. இந்த நம்பரை எடுத்துடலையா நீ?"

"எடுக்கல. ஏன்டா, ஒரு தடவை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"நீயா கூப்பிடற வரைக்கும் கூப்பிடாதேன்னு சொன்னே."

"படிவத்துக்காவது பதில் போட்டிருக்கலாமே! முப்பத்தஞ்சு நாளா பைத்தியக்காரி மாதிரி பாத்துட்டிருக்கேன்."

"பதில் போடுன்னு நீ எழுதல. நம்பர் இல்லைன்னு எழுதியிருந்தே. அதான் நம்பர் போட்டேன். மறைச்ச பேரைத் திறக்கணும்னா அடையாள அட்டை கேட்டாங்க, அப்புறம் போட்டோ சரியில்லைன்னாங்க. லேட் ஆயிடுச்சு."

"அல்வாலுக்கு எப்ப வந்தே?"

"நாலு வருஷம் ஆச்சு."

"நாலு வருஷமா எட்டு கிலோமீட்டர்ல இருக்கியாடா பாவி!"

"ஒன்பது புள்ளி ரெண்டு. கூப்பிடாதேன்னு சொன்னே. கிட்டக்க குடியிருக்காதேன்னு சொல்லல." கொஞ்சம் நிறுத்தினான். "வருஷா வருஷம் கார்டை நான் கையாலதான் போடறேன். தானா ஓட விடல. பேர் போயிடுச்சுன்னா நீ தேடுவியேன்னு."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சாந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், எது மழை எது கண்ணீர் என்று பார்க்க வீட்டில் யாரும் இல்லை.

"ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன்," என்றான் மோகன். "நாப்பத்திரண்டாம் பக்கத்துல போஸ்ட்கார்டு போடவும்னு இருந்துச்சு. யாருக்குன்னு இல்ல. உன் எழுத்து மாதிரியே இருந்துச்சு. கம்பெனி அட்ரஸுக்குப் போட்டேன். வந்துச்சா?"

"வரலடா."

"அட்ரஸ் சரியா எழுதணும் அக்கா."

"ஹவ்," என்றாள். பிறகு, முப்பத்தோரு வருஷத்தில் எழுதியதிலேயே கஷ்டமான வரியைச் சொன்னாள். "மோகா. அன்னிக்கு நகராதேன்னு சொன்னது நான். கீழே போய்க் கையைக் காட்டுன்னு சொல்லாம விட்டதும் நான். தப்பு எழுதினவ மேல. செஞ்சவன் மேல இல்ல."

லைன் அறுந்துவிட்டதோ என்று ரிசீவரைத் தட்டப் போனாள்.

"ஹவ்," என்றது அவன் குரல், சின்னதாக.

சாந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தொழில்காரியின் குரல் திரும்பி வந்தது. "சொல்றதை எழுதிக்கோ. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு இங்க வா. பஸ்ல வா. அரை மணி நேரம் பாத்தும் பஸ் வரலைன்னா ஆட்டோல வா. ஆட்டோவும் கிடைக்கலைன்னா நீயே எனக்கு போன் பண்ணு, நான் வந்து கூட்டிட்டு வரேன். மழை பெஞ்சா குடை எடுத்துக்கோ. குடை இல்லாட்டி நனைஞ்சுக்கிட்டாவது வா."

பேனா கீறும் சத்தம் கேட்டது. "எழுதிட்டேன். கதவு வரைக்கும் வரணுமா, உள்ளேயும் வரணுமா? அதை நீ சொல்லல."

"உள்ளே வா."

"சரி. திரும்பிப் போறது எத்தனை மணிக்கு?"

சாந்தா துடைத்துத் துடைத்துப் பளபளத்த போனைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கத்தை நான் இன்னும் எழுதல," என்றாள்.